பூட்டு நிற்காத ஃபைல்

புரட்டாசி 6, ஞாயிறு

என் பெரிய பையன் மகன் நவநீதன் ஆடிட்டர் பரீட்சையின் நடுப்படியை ஒரே தாவலில் தாண்டிவிட்டான். கூடப் படித்தவர்கள் இன்னும் கீழ்ப்படியில் நிற்கிறார்களாம். சின்னவன் மகள் ஹர்ஷிதா மாநில அளவில் கோ-கோ ஆடி வெள்ளிக் கோப்பை வாங்கி வந்தாள். தங்கமே வந்திருக்கும், நடுவர் சரியில்லை. அவள் தம்பி மாறுவேடப் போட்டியில் வெண்டைக்காயாக நின்று இரண்டாம் பரிசு. முதல் பரிசு தாளாளர் பேத்திக்கு. அதற்கு மேல் நான் ஒன்றும் எழுத மாட்டேன்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே என் மகள் வயிற்றுப் பேத்தி தாரணி. கோயமுத்தூர் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிறது. அவர்களுடைய ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் எப்படி இருக்க வேண்டும், யார் பார்க்க வேண்டும் என்று எழுதுவது இவள்தான். சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று ஆடியில் என்னைக் கோபியிலிருந்து கூட்டி வந்தாள். வாடகை வீட்டில் நானும் அவளும் மட்டும்.

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கணக்கை இவள் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். இட்லிக்கு ஊறப் போட வேண்டும்.

புரட்டாசி 8, செவ்வாய்

தாரணியின் முதலாளி கிருபாகரன் தம்பி மத்தியானம் சாப்பிட வந்தார். நம் பக்கத்துப் பையன்தான், கவுந்தப்பாடி. அரிசிம்பருப்புச் சாதமும் கத்தரிக்காயும் செய்திருந்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

தொழிலைப் பற்றி நானே கேட்டேன். தாரணி எழுதுவதெல்லாம் பெல்வுட் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றின் மேல் ஓடுகிறதாம். அதைச் செய்வது வெளிநாட்டுக்காரர்கள். புதுப் பெல்வுட் ஒன்று ஐப்பசியில் முறையாக வெளியே வருகிறது, இப்போதைக்கு வெள்ளோட்டமாகத்தான் விட்டிருக்கிறார்கள், வந்ததும் பரிசோதனை நிலையத்தை அதற்கு மாற்ற வேண்டும் என்றார்.

“ஐப்பசி வரைக்கும் எதுக்குத் தம்பி காத்துக்கிட்டு? விஜயதசமி வருது. அன்னைக்குத் தொட்டது தொலங்கும்” என்றேன். ஒரு பேச்சுக்குத்தான்.

தொடையில் தட்டினார். “அட, ஆமாங் ஆத்தா! அந்த நெலையத்து டாக்டரம்மாவும் நல்ல நாளுன்னாச் சரின்னுருவாங்க. இது எனக்குத் தோணவே இல்லீங்களே!”

தாரணி அப்போது ரசம் எடுக்க உள்ளே போயிருந்தாள். பெரிய கம்பெனி முதலாளி என் பேச்சைக் கேட்டுத் தொடையில் தட்டினார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புரட்டாசி 11, வெள்ளி

மருமகன் வழிச் சொந்தம், செங்கப்பள்ளி சுலோச்சனாவுக்குப் போன் போட்டேன். அவள் தங்கை மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், தாரணிக்குப் பொருத்தம் பார்த்தாகிவிட்டது, பெண்ணை நேரில் பார்ப்பதுதான் பாக்கி. விஜயதசமி அன்றைக்கு எங்கள் பேத்தி கையால்தான் கம்பெனியில் புதுசை ஆரம்பிக்கிறார்கள், வந்து பார்த்தால் தெரியும் என்றேன். தேன் குடித்தது போலச் சிரித்தாள்.

தாரணியிடம் நேரம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

புரட்டாசி 14, திங்கள்

தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது. ஒரு தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்து வைத்திருக்கிறாள், கோழிக்குப் போடுகிற மாதிரி.

“என்ன சாமி, ஒடம்பு சரியில்லியா?”

“ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மிச்சி. ஆபீஸ்ல விஜயதசமிக்கே புதுசுக்கு மாத்தீரலாம்னு சார் சொல்லிட்டாரு. நான் இன்னைக்கு அதுல ஒண்ணப் பாத்தேன்.”

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் இன்னார் திறக்கலாம், இன்னார் திறக்கக் கூடாது என்று ஒரு கட்டளை உண்டு. பீளமேடு கிளையில் ரத்தம் கொடுத்தவரின் ரிப்போர்ட்டைக் கவுண்டம்பாளையம் கிளையில் இருப்பவர் திறக்க முடியாது. பழைய பெல்வுட்டில் அந்தப் பூட்டு கெட்டியாக நிற்கிறது. புதுசில் இன்றைக்கு அவள் ஒரு ஃபைலைத் திறந்து, ஒரு எழுத்தைத் திருத்தி, மூடினாள். மூடிய பிறகு பூட்டைக் காணோம். யார் வந்தாலும் திறக்கிறது.

“முதலாளிகிட்டச் சொல்றதுதானே?”

“கூப்புட்டுக் காட்டுனேன். எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி புதுசா ஏத்தச் சொன்னாரு. ஏத்துனா, வரல. பூட்டு நின்னுக்கிச்சு. ‘பாத்தியா, உன் கை தப்பு’ன்னுட்டாரு.”

“உன் கை தப்புப் பண்ணாது.”

“பண்ணும் அம்மிச்சி. எல்லார் கையும் பண்ணும். அதான் பயமா இருக்குது.”

புரட்டாசி 15, செவ்வாய்

பெல்வுட் செய்கிறவர்களுக்கே எழுதிப் போட்டுவிட்டாள். குறை கண்டவர்கள் எழுதிப்போட என்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்களாம். யார் என்ன எழுதினாலும் உலகமே பார்க்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. குறை சொல்வதென்றால் காதோடு சொல்ல வேண்டும்.

“எல்லாரும் பாத்தாத்தான் அம்மிச்சி, இன்னொருத்தரும் ‘ஆமா, எனக்கும் இப்படி ஆச்சு’ன்னு சொல்லுவாங்க” என்றாள்.

யாராவது சொன்னார்களா என்று சாயங்காலம் கேட்டேன். இல்லை.

புரட்டாசி 17, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். மேல்வீட்டில் கொலு வைத்திருக்கிறார்கள், அழைத்தார்கள். தட்டைப்பயறு சுண்டல் கொஞ்சம் வேகாமல் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஆஸ்கர் என்பவர் பதில் போட்டிருக்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாராம். ‘நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன், எனக்குப் பூட்டு நிற்கிறது. நீங்கள் செய்ததை ஒவ்வொரு படியாக எழுத முடியுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

தாரணி ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்கிறாள். அவளுக்கும் பூட்டு நிற்கிறது. ஒரு தடவை பார்த்த பேய் மறு தடவை வரமாட்டேன் என்கிறது.

புரட்டாசி 19, சனி

பெருமாளுக்குத் தளிகை போட்டேன். சாப்பிட உட்காரச் சொன்னதற்கு, “இதோ அம்மிச்சி, இன்னும் ஒரு தடவ” என்றாள். அழிக்கிறாள், ஏற்றுகிறாள், பூட்டுகிறாள், திறக்கிறாள். வடை ஆறிப் போயிற்று.

“என் கண்ணுதான் பொய் சொல்லுச்சோ?” என்று கேட்டாள். என் பேத்தி வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

புரட்டாசி 21, திங்கள்

மூடிவிட்டார்கள். அவள் எழுதிப்போட்டதற்குப் பக்கத்தில், ‘திரும்ப வரவில்லை’ என்று போட்டு, அந்தப் பேச்சை முடித்துவிட்டார்கள். வேறு விவரம் கிடைத்தால் திரும்பத் திறக்கலாம் என்று ஆஸ்கர் ஒரு வரி எழுதியிருக்கிறாராம். அந்த ஒரு வரியைத்தான் இவள் திரும்பத் திரும்பப் படிக்கிறாள்.

கிருபாகரன் தம்பி ஆபீஸில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்: “செஞ்சவனே இல்லைங்கறான், நீ இருக்குதுங்கற. அவனவிட உனக்கு அதிகமாத் தெரியுமா?” சிரித்தார்களாம். இவள் வேலை நிரந்தரமாகிற மாதம் இது. அதையும் ஞாபகப்படுத்தியிருக்கிறார்.

“ஐப்பசில முறையா வந்ததுக்கப்பறம் மாத்துனா என்ன கெட்டுப்போச்சு அம்மிச்சி? அதுக்குள்ள நான் கண்டுபுடிச்சிருவேன், இல்ல வேற யாராவது கண்டுபுடிப்பாங்க. இந்த விஜயதசமிங்கற யோசனைய அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னே தெரியல.”

எனக்கு முருங்கைக்கீரை ஆய வேண்டியிருந்தது. சமையலறைக்குப் போய்விட்டேன்.

புரட்டாசி 23, புதன்

முருங்கைக்கீரை நேற்றும், இன்றும்.

புரட்டாசி 24, வியாழன்

ஆபீஸில் நாளைக்கு ஆயுத பூஜை. எல்லோருடைய லேப்டாப்பையும் வாங்கித் துடைத்துப் பூஜைக்கு அடுக்கிவிட்டார்கள். இவளுடையதும் அங்கேதான். வெறும் கையோடு வந்தாள். நாளை மறுநாள் காலையில் மறுபூஜை ஆனதும் பட்டனை அமுத்துகிறார்கள். அமுத்தியதும் எல்லாக் கிளை ரிப்போர்ட்டும் புதுசுக்குப் போய்விடும்.

“அமுத்தற ஆளு நான்தானாம்” என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

சுலோச்சனா, அவள் வீட்டுக்காரர் இருவரும் சனிக்கிழமை வருகிறார்கள். உன் வேலையைப் பார்க்க ஆசையாம், அவர்களாகவேதான் வருகிறார்களாம் என்று தாரணியிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம் துணி மடிக்கப் போய்விட்டாள்.

புரட்டாசி 25, வெள்ளி, ஆயுத பூஜை

விடியலிலேயே வீட்டைக் கழுவி விட்டேன். அரிவாள்மணை, கத்தரிக்கோல், அவள் அம்மா கொடுத்த தையல் மெஷின், மிக்ஸி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நான் நாடகம் பார்க்கிற பழைய கம்ப்யூட்டரையும் துடைத்துப் பூஜையில் வைத்தேன். தாரணி கல்லூரிக் காலத்தில் படித்தது அதில்தான். பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல். கற்பூரம் காட்டினேன். இனி நாளைக் காலை வரை ஒன்றையும் தொடக் கூடாது. காய்கூட நேற்றே நறுக்கி வைத்துவிட்டேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் இதில் நான் பிசகினதில்லை.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் தாரணி பூஜைக்கு முன்னால் வந்து நின்றாள். சாமியைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“அம்மிச்சி, இது எனக்கு இப்ப வேணும்.”

“பூசைல இருக்குது கண்ணு. காத்தால எடுத்துக்கலாம்.”

“காத்தால அங்க அமுத்தீருவாங்க. அப்பறம் நான் எதக் கண்டுபுடிச்சு என்ன?”

“பத்து நாளாக் கண்டுபுடிக்காததையா இப்பக் கண்டுபுடிக்கப் போற?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்து ஆபீஸ்ல பழைய ஃபைலெல்லாம் தூக்கியாந்து புது மெஷின்ல வெச்சாங்க. அப்பத்தான் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் ஒவ்வொரு தடவையும் சுத்தமா அழிச்சுட்டு, புதுசுக்குள்ளயே புது ஃபைல் செஞ்சு பாத்தேன். ஆஸ்கரும் அதத்தான் செஞ்சிருப்பாரு. பழசுல செஞ்சு, பூட்டி வெச்ச ஃபைலு, புதுசுக்குள்ள வந்தா என்ன ஆகுதுன்னு நாங்க ரெண்டு பேருமே பாக்கல. மொத நாள் எனக்குத் தொறந்தது பழைய ஃபைலு அம்மிச்சி. அதையும் நானே அழிச்சுட்டேன். இப்ப என் கைக்கு எட்டறாப்புல பழைய பெல்வுட்டும் பழைய ஃபைலும் இருக்கறது இந்த ஒரு பெட்டில மட்டுந்தான்.”

பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர் மேலே செவ்வந்திப் பூ இருந்தது. சந்தனம் இன்னும் காயவில்லை.

கற்பூரம் ஏற்றி, தாயே பொறுத்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டு எடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. கற்பூர டப்பாவைத் தேட நேரமில்லை. பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, “பிடி, ஒரு பக்கம் தூக்கு” என்றேன்.

புதுப் பெல்வுட்டை அதற்குள் இறக்கவே வெகு நேரம் ஆயிற்று. சுற்றிச் சுற்றி வந்தது. நான் பொரியைத் தின்றுகொண்டே இருந்தேன், பசியில்லாமல். பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தாள், ஒரு எழுத்தைத் திருத்தினாள், மூடினாள். அப்புறம் என் பெயரில் உள்ளே போகச் சொன்னாள். நாடகம் பார்க்க எனக்கென்று அதில் தனி வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறாள். என் வாசல் வழியாகப் போனால் அவளுடையது எதுவும் எனக்குத் திறக்காது, சிவப்பாக ஒரு வரி வந்து தடுத்துவிடும். அது எனக்கே தெரியும்.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

“இப்ப இத அமுத்துங்க.”

அமுத்தினேன். சிவப்பு வரி வரவில்லை. திறந்துகொண்டது. பக்கம் நிறைய எழுத்து.

“படிக்காதீங்க அம்மிச்சி!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டே அழுதாள். எது எதற்காக என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுபடி செய்தாள். மறுபடி திறந்தது. திருத்தாத ஃபைல்கள் திறக்கவில்லை. புதுசாகச் செய்த ஃபைலும் திறக்கவில்லை. பழசில் பூட்டி, புதுசில் திருத்தியது மட்டும் திறந்தது. எல்லாவற்றையும் படி படியாக எழுதி, படம் பிடித்து, அந்த மூடின பேச்சுக்குக் கீழே போட்டாள்.

அந்த நாட்டில் ஆயுத பூஜை கிடையாது. அதனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பதில் வந்துவிட்டது. அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்: ‘இப்போது என் கம்ப்யூட்டரிலும் திறக்கிறது. நீங்கள் முதலிலேயே சரியாகத்தான் சொன்னீர்கள், நான்தான் பாதி வழியில் நின்றுவிட்டேன். முன்பு சரியாக இருந்ததைப் புதுசில் நாங்கள் கெடுத்திருக்கிறோம். இது சரியாகும் வரை புதுசை வெளியிட மாட்டோம்.’

கிருபாகரன் தம்பிக்கு அதை அப்படியே அனுப்பினாள். போன் பண்ணினாள். எடுக்கவில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறாராம்.

கம்ப்யூட்டரைத் துடைத்து, பழையபடி பூஜையில் வைத்துவிட்டேன். பூ வாடியிருந்தது. வேறு பூ வைத்தேன்.

புரட்டாசி 26, சனி, விஜயதசமி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

கம்பெனி மாடியில் வாழைக்குருத்துக் கட்டியிருந்தார்கள். லேப்டாப்புகள் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பரிசோதனை நிலையத்து டாக்டர் ரேணுகா வந்திருந்தார். கூட அவர்களுடைய கவுண்டம்பாளையம் கிளையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி. கிருபாகரன் தம்பியின் அம்மா முன்வரிசையில். சுலோச்சனாவும் அவள் வீட்டுக்காரரும் எனக்குப் பக்கத்தில். சுலோச்சனா கட்டியிருந்த சேலை புதுசு.

மறுபூஜை முடிந்தது. கிருபாகரன் தம்பி பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “தாரணி, வாம்மா. ஆத்தா குறிச்சுக் குடுத்த நாளு. உன் கையாலயே அமுத்து” என்றார்.

தாரணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

“சார், நேத்து மெசேஜ் போட்டிருந்தனுங்க. பாத்தீங்களா?”

“பூச நாள்ல எவம்மா போனப் பாக்கறான்? அப்பறம் பேசிக்கலாம்.”

“இப்பப் பேசோணுங் சார்.”

கிட்டே போய்த் தணிந்த குரலில் அவர் சொன்னார். முன்னால் நின்றதால் எனக்குக் கேட்டது. “வேல பர்மனென்ட் ஆகற நேரம். வந்தவங்க முன்னாடி என்னைய அசிங்கப்படுத்துனா, திங்கக்கெழம நீ வர வேண்டியதில்ல. அமுத்து.”

“நான் அமுத்த மாட்டனுங் சார்.”

கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. சுலோச்சனா என் கையைத் தட்டினாள். “என்னுங் அத்தை இது, புள்ள சபையில மொதலாளிய எதுத்துப் பேசுது?”

“கொஞ்ச நேரம் சும்மா இரு சுலோச்சனா” என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

“என்ன விஷயம்?” என்று டாக்டரம்மா எழுந்தார்.

“ஒண்ணுமில்லீங் மேடம். சின்னப் புள்ள, வெள்ளோட்டத்துல எதையோ பாத்துப் பயந்துக்கிச்சு.”

தாரணி டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டாள். “மேடம், உங்க ஒரு கிளைல இருக்கறவங்க இன்னொரு கிளை பேஷண்ட்டோட ரிப்போர்ட்டத் தொறக்க முடியுங்களா?”

“முடியாது. முடியவும் கூடாது. அதுக்குத்தானே உங்களுக்குக் குடுத்திருக்கோம்.”

“இந்தப் புதுசுல முடியுங்க மேடம். செஞ்சவங்களே நேத்து ஒத்துக்கிட்டாங்க. வெள்ளோட்டத்துக்காக, போன வருசம் உங்க பீளமேடு கிளைலிருந்து எங்க ஆபீஸுக்கு வந்து ரத்தம் எடுத்த ரிப்போர்ட்ட இதுல ஏத்தி, திருத்தியும் வெச்சிருக்குது. உங்க ஊழியரையே தொறந்து பாக்கச் சொல்லுங்க.”

“தாரணி!” என்றார் கிருபாகரன் தம்பி.

“பாக்கட்டும்” என்றார் டாக்டரம்மா.

அந்தப் பெண் பயந்துகொண்டே வந்து, தன் பெயரில் உள்ளே போய், வரிசையில் முதலில் இருந்ததை அமுத்தினாள். திறந்துகொண்டது. மேலே பெரிய எழுத்தில் பெயர். கிருபாகரன். முதலாளி என்பதால் அன்றைக்கு முதலில் கை நீட்டியவர் அவர்தான் போலும். பெயருக்குக் கீழே வரிசையாக எண்கள்.

தாரணி பாய்ந்து லேப்டாப்பின் மூடியைச் சாத்தினாள். அவள் உள்ளங்கை முழுக்கக் குங்குமம்.

“பேர் தெரிஞ்சாப் போதுங்க மேடம். மீதி அவரோடது.”

கிருபாகரன் தம்பி கையில் கேசரித் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவருடைய அம்மா எழுந்து வந்து, “என்ன ரிப்போர்ட்டு சாமி உனக்கு? ஒடம்புக்கு என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்லம்மா. நீ உக்காரு.”

மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எனக்குத் தூரத்து எழுத்து நன்றாகத் தெரிகிறது. என்ன பார்த்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

கிருபாகரன் தம்பி தட்டை ஜன்னலில் வைத்தார். “மேடம், தீவாளி கழிச்சு வெச்சுக்கலாங்களா?” என்றார்.

“சரியானதுக்கப்பறம் வெச்சுக்குங்க. தீவாளின்னு ஒரு நாள் குறிக்காதீங்க” என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி எனக்குத்தான் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது தாரணி கேட்டாள். “நாள் குறிச்சுக் குடுத்தது நீங்கதானா அம்மிச்சி?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“சுலோச்சனா அத்தைய வரச் சொன்னதும் ஒரு பேச்சுக்குத்தானா?”

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். எனக்குக் காது கேட்கவில்லை என்று கையைக் காட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கிற்று. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி 28, திங்கள்

வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது தலையில் கை வைத்து அனுப்பினேன். பகலெல்லாம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. வேலை இருக்கிறது. நிரந்தரம் ஆவது மட்டும் மூன்று மாதம் தள்ளி. கிருபாகரன் தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லையாம். போகும்போது மட்டும் கதவருகே நின்று, “சட்டுனு மூடுனதுக்குத் தேங்க்ஸ்மா” என்றாராம்.

சுலோச்சனா போன் பண்ணினாள். பையனுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று வீட்டில் நினைக்கிறார்களாம். பெண்ணுக்குக் கொஞ்சம் வாய் அதிகம் என்றும் சொன்னாள். ஆமாம், அது என்னைக் கொண்டு பிறந்தது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தோன்றியது. நல்ல இடம். தாரணியிடம் சொன்னேன். “சரி அம்மிச்சி. பசிக்குது” என்றாள். மூன்று இட்லி கூடச் சாப்பிட்டாள்.

ஐப்பசி 10, ஞாயிறு

புதுப் பெல்வுட் சரியாகி வெளியே வந்துவிட்டது. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தாரணி போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என்னென்ன திருத்தினோம், யார் யார் கண்டு சொன்னார்கள் என்று அவர்கள் எழுதிய பக்கம். ஆங்கிலந்தான். அவள் விரல் வைத்த இடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தா, ர, ணி. உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் படிக்கலாமாம்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வட்டமாக ஒரு படம். ஆஸ்கர் தாடி வைத்திருக்கிறார், மடியில் ஒரு நாய். இன்னொருத்தி மலை மேல் நிற்கிறாள். தாரணி பெயருக்குப் பக்கத்தில் மட்டும் கண்ணும் மூக்கும் இல்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று.

“இது யாரு?”

“நான்தான் அம்மிச்சி. படம் போடலைனா அப்படித்தான் வரும். வேல செய்ற எடத்துல மூஞ்சி எதுக்கு?”

நல்ல கேள்வி. நவநீதனுக்கும் ஹர்ஷிதாவுக்கும் வெண்டைக்காய்க்கும் படம் இருக்கிறது, குடும்பக் குரூப்பில் நானே போட்டிருக்கிறேன். கிருபாகரன் தம்பியின் ரிப்போர்ட் எண்களை ஒருத்தரும் பார்க்கக் கூடாது, அதில் எனக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. இது அப்படியா? இதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும்.

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். அந்தச் சாம்பல் தலையை எடுத்துவிடு கண்ணு. ஜாதகத்தோடு கொடுத்த ஸ்டுடியோ போட்டோ வேண்டாம், அதில் நீ யாருக்கோ பயந்த மாதிரி நிற்கிறாய். கண்ணாடியோடு, கொண்டையை இப்படி அள்ளி முடிந்தபடியே, இந்தப் பழைய நைட்டியை மட்டும் மாற்றிக்கொண்டு வா. ஜன்னலில் வெயில் நன்றாக அடிக்கிறது. நானே எடுக்கிறேன், எங்கே அமுத்துவது என்று மட்டும் காட்டு. புதுப் படம் ஒன்று அங்கே போடு சாமி, இன்றைக்கே போடு.